கால்வாய்க்குக் கிழக்கே மணல், மேற்கே களி: வடசென்னையில் மனை வாங்கியவர்களுக்கு

எர்ணாவூரில் ஒரு மனைக்கு செப்டிக் டேங்க் குழி எடுத்தபோது கூட நின்றிருந்தேன். மூன்றடி வரை மணல் பொலபொலவென்று வந்தது. நாலாவது அடியில் ஈரம் தட்டியது. ஐந்தாவது அடியில் நாலு பக்கமும் தண்ணீர் கசிந்து, வெட்டிய சுவர் கரைந்து உள்ளே சரிந்தது. அள்ள அள்ளக் குழி அகலமானதே தவிர ஆழமாகவில்லை. சாயந்தரம் பார்த்தால் ஐந்தடிக் குழி பத்தடிக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காம்பவுண்டுச் சுவரைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

அதே வாரம் கொடுங்கையூர்ப் பக்கம் இன்னொரு வேலை. அங்கே எடுத்த குழியின் சுவர் கத்தி போட்ட அல்வாத் துண்டு மாதிரி நேராக நின்றது. முந்தின நாள் சித்தாள் ஊற்றிவிட்டுப் போன இரண்டு குடம் தண்ணீர் மறுநாள் காலையிலும் அடியில் அப்படியே கிடந்தது. அதில் ஒரு தவளை வேறு குடியேறியிருந்தது.

இரண்டு இடத்துக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். நடுவில் ஓடுவது பக்கிங்ஹாம் கால்வாய்.

சின்னச் சின்ன வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். மனை வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "மண்ணு நல்ல மண்ணா சார்?" என்பதுதான். எதற்கு நல்ல மண் என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். வீட்டின் பாரத்தைத் தாங்கவா, கழிவுநீரை உறிஞ்சவா, செடி வேருக்குத் தண்ணீரும் சத்தும் பிடித்து வைத்துக் கொடுக்கவா? ஒரே மண் மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லாது. பாரம் தாங்குகிற மணலில் செடி பட்டினி கிடக்கும். செடி தழைக்கிற களியில் சுவர் பிளக்கும். அப்புறம், பதில் எதுவானாலும் அது மே மாசத்தில் ஒன்றாகவும் கார்த்திகையில் வேறாகவும் இருக்கும். மனையை நாம் எல்லாரும் மே மாசத்தில்தான் பார்க்கப் போகிறோம். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

நாம் இருப்பது ஒரு தீவு

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே வங்கக் கடல். வடக்கே கொசஸ்தலையாறு கடலில் விழும் எண்ணூர் முகத்துவாரம். தெற்கே கூவம். மேற்கே, கூவத்தையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் இணைத்துக்கொண்டு போகும் பக்கிங்ஹாம் கால்வாய். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு நீளத் துண்டில் இருக்கின்றன. கால்வாய் மனிதன் வெட்டியது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். தாது வருஷப் பஞ்சத்தில் கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் துண்டை நிவாரண வேலையாக வெட்டி, 1878இல் அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஆனால் கால்வாய்க்குக் கிழக்கே இருக்கும் மணல் மேடு மனிதன் போட்டதல்ல. அலையும் காற்றும் ஆயிரக்கணக்கான வருஷமாகக் குவித்தது. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளியும், இன்னும் வடக்கே பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவும் இதே குடும்பம்தான்: கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் தீவுகள்.

கால்வாய்க்கு மேற்கே கதை மாறுகிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம், மணலி எல்லாம் ஆறும் ஏரியும் கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும். இன்னும் மேற்கே போனால் செங்குன்றம்; அங்கே மண் சிவப்பு, சரளை கலந்தது, வெட்டினால் செம்புறாங்கல் வரும். ஊர்ப் பெயரே சொல்லிவிடுகிறது.

பெயரை வைத்துக்கொண்டே பாதி மண் ஆய்வு செய்யலாம் என்பது என் அனுபவம். தெருப் பெயரில் தாங்கல் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் சின்ன ஏரி இருந்திருக்கிறது. மேலே எத்தனை லோடு ரப்பிஷ் கொட்டியிருந்தாலும் ஏரியின் அடிக் களி கீழே அப்படியே இருக்கும். மேடு என்றால் சுற்றுப்புறத்தைவிட உயரம். குப்பம் என்றால் அநேகமாக மணல். எண்ணூரில் தாழங்குப்பம் என்று ஒரு ஊர் இருக்கிறது. தாழை எந்த மண்ணில் புதராக நிற்கும் என்று கடலோரத்துப் பாட்டிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரவை, அரிசி மாவு, மைதா

மண்ணின் குணத்தில் பெரும்பங்கு அதன் பருக்கையின் அளவில் இருக்கிறது. சமையலறைக் கணக்கில் சொன்னால் மணல் ரவை மாதிரி, வண்டல் அரிசி மாவு மாதிரி, களி மைதா மாதிரி. பொறியாளர்கள் 4.75 மில்லிமீட்டரிலிருந்து 0.075 வரை மணல் என்றும், அதற்குக் கீழே 0.002 வரை வண்டல் என்றும், அதற்கும் நுணுக்கமானதைக் களி என்றும் பிரிக்கிறார்கள். ரவையில் தண்ணீர் ஊற்றினால் இடைவெளி வழியாக ஓடிவிடும். மைதாவில் ஊற்றினால் பசையாகி நிற்கும். அவ்வளவுதான் விஷயம், ஒன்றைத் தவிர: களிப் பருக்கை உருண்டை அல்ல, அப்பள அடுக்கு மாதிரித் தட்டை. தட்டுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் அடுக்கு உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டுச் சுவர் விரிசலில் பாதி இந்த அப்பள அடுக்கின் வேலை.

உங்கள் மனையில் எது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கொட்டிய மண்ணைத் தாண்டி இரண்டு மூன்றடி கீழே போய், உள்ளூர் மண் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், துளி துணி சோப்புத்தூள். மூடி நன்றாகக் குலுக்கி, ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் மிதப்பது களி. ஸ்கேல் வைத்து ஒவ்வோர் அடுக்கையும் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும்.

இதில் நம் ஊருக்கு மட்டும் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. உப்புத் தண்ணீரில் களிப் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி சீக்கிரம் படிந்துவிடும். வீட்டு போர் தண்ணீரை ஊற்றிச் சோதித்துவிட்டு "களியே இல்லை சார்" என்று சொன்னவரை எனக்குத் தெரியும். கேன் தண்ணீர் ஊற்றிச் செய்யுங்கள். மண்ணே உவராக இருந்தால், படிந்தபின் மேல் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி குலுக்குங்கள்.

அப்புறம் எலுமிச்சம்பழச் சாறு. காய்ந்த மண்ணில் சில சொட்டு பிழியுங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது. இந்தக் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் ஒரு காலத்தில் பளிங்கு போல் மின்னும் மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு செய்தார்கள். சுவருக்கு அழகு சேர்த்தது தோட்டத்துக்குத் தொல்லை கொடுக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாரம்

மணலில் வீடு நிற்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நெருக்கமாகப் படிந்த மணல், பக்கவாட்டில் நகர இடமில்லாதவரை, நல்ல பாரம் தாங்கும். அதன் எதிரி தண்ணீர். கடைக்கால் மட்டம் வரை நிலத்தடி நீர் ஏறினால் மணலின் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகிவிடும், ஏனென்றால் தண்ணீருக்குள் மூழ்கிய பருக்கையின் எடை குறைந்து, ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் பிடி தளர்கிறது. கோடையில் எட்டடியில் இருந்த தண்ணீர் மழைக்காலத்தில் மூன்றடிக்கு வரும் ஊர் இது. கணக்கை மூன்றடிக்குத்தான் போட வேண்டும்.

ஓர் உதாரணம். மாடி வீட்டின் ஒரு தூணில் 30 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கினால், தூணுக்குக் கீழே இரண்டு சதுர மீட்டர் பாதம் போதும். நாலே முக்கால் அடிக்கு நாலே முக்கால் அடி. அதே தூணை 5 டன் மட்டுமே தாங்கும் இளகிய களியில் வைத்தால் ஆறு சதுர மீட்டர் வேண்டும்; எட்டடிக்கு எட்டடி. பத்தடி இடைவெளியில் தூண் வருகிற வீட்டில் எட்டடிப் பாதம் போட்டால் ஒன்றையொன்று முட்டாத குறைதான். அப்போதுதான் பொறியாளர் மொத்த வீட்டுக்கும் ஒரே தட்டாக ராஃப்ட் போடச் சொல்கிறார், இல்லையென்றால் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், போடச் சொல்கிறார். செலவு ஏற்றிவிட அவர் சொல்வதாக நினைத்துச் சண்டை போடாதீர்கள்.

மேற்கே உள்ள களியில் பிரச்சினை இளக்கம் மட்டுமல்ல. மழைக்காலத்தில் உப்பித் தூக்கும், கோடையில் சுருங்கி இறக்கும். வீடு முழுக்க ஒரே அளவில் தூக்கினால் யாருக்கும் தெரியாது. ஒரு மூலையில் மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் கொட்டுகிறது, இன்னொரு மூலையில் பெரிய மரம் ஈரத்தை உறிஞ்சுகிறது; அங்கே உப்பும், இங்கே சுருங்கும். ஐப்பசியில் கதவு சிக்குவதும், சித்திரையில் ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் இணைப்பு வழியே படிக்கட்டு மாதிரி விரிசல் இறங்குவதும் இதனால்தான். அண்டர் ரீம்டு பைல் என்று சொல்வது இந்த மண்ணுக்காகவே வந்தது. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி, பன்னிரண்டு அடி மாதிரி ஆழத்தில் அடியில் குமிழ் வைத்த தூண். குமிழ் கீழே மாட்டிக்கொள்வதால் மேல்மண் உப்பினாலும் தூணைப் பிடுங்க முடியாது. கூரைத் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுவதற்கு ஆகும் செலவு சில ஆயிரம்தான். அதைச் செய்தாலே பாதித் தலைவலி குறையும்.

கிழக்கே இருக்கிறவர்கள் மணல் கிடைத்ததே என்று நிம்மதியாகப் படுக்க வேண்டாம். கடலோர மணலுக்குக் கீழே பல இடங்களில் பழைய கடல் களி கிடக்கிறது. சாம்பல் கறுப்பாக, கிளிஞ்சல் துண்டுகளோடு, அழுகிய முட்டை வாடையோடு வரும். மேலே உள்ள ஐந்தடியை மட்டும் பார்த்துவிட்டு மேஸ்திரி சொல்வது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். சாயில் டெஸ்ட் என்பது கீழே என்ன இருக்கிறது என்று துளை போட்டுப் பார்ப்பது. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். மணலில் 10க்குள் இறங்கிவிட்டால் தளர்ந்த மணல். 30 அடி வாங்கினால் கெட்டி. தளர்ந்த மணலும் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தால் மண் கொஞ்ச நேரம் கூழாகிவிடும். 2002இல் சென்னையை நிலநடுக்க மண்டலம் 2இலிருந்து 3க்கு மாற்றியபிறகு இதைக் கணக்கில் எடுக்காமல் மாடி எழுப்பக் கூடாது. ரிப்போர்ட்டில் தண்ணீர் மட்டம் என்ற வரியையும், அதற்குப் பக்கத்தில் உள்ள தேதியையும் சேர்த்துப் படியுங்கள். ஏப்ரல் மாத ரிப்போர்ட் என்றால் மழைக்காலத்தில் எவ்வளவு ஏறும் என்று கேட்டு வாங்குங்கள்.

உப்பு பற்றிச் சுருக்கமாக. கடற்கரை மணலைக் கான்கிரீட்டில் போடாதீர்கள், உவர் போர் தண்ணீரில் கலக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. பாதத்தில் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். கம்பியைத் தூக்கி நிறுத்தி அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் கொட்டுவதற்கு முன் குனிந்து பாருங்கள். இன்னொன்று: துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபிறகு தெற்கிலிருந்து வந்த மணல் மெரினாவில் தங்கிவிட்டது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்தது. கல் கொட்டியும் கொட்டியும் சமாளிக்கும் கரை அது. கரைக்கு 500 மீட்டருக்குள் மனை என்றால் கடலோர ஒழுங்குமுறை விதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ரப்பிஷ் கொட்டி மேடாக்கிய மனையா? கடைக்கால் அதைத் தாண்டிப் பழைய மண்ணுக்குப் போக வேண்டும். வேறு பேச்சே இல்லை.

கழிவுநீர்

செப்டிக் டேங்க் கழிவைத் தின்று தீர்த்துவிடும் என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் தேக்கித்தான் வைக்கிறது. கெட்டியானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் உள்ள கலங்கல் நீர் அடுத்த குழிக்குப் போகும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தண்ணீர் ஆழம் என்பது தர விதி சொல்லும் அளவு. வெளியேறுகிற கலங்கல் நீரில் கிருமிகள் உயிரோடுதான் இருக்கும். அவற்றை வடிகட்டுவது மண். அதுவும் காற்றோட்டமுள்ள, தண்ணீரில் மூழ்காத மண்.

அந்த நீரை மண்ணுக்குள் விடும் அடுத்த குழிதான் உறிஞ்சுகுழி. அதைப் போடலாமா என்று சோதிப்பதும் வீட்டிலேயே முடியும். குழி மட்டத்தில் சின்னத் துளை எடுத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் தண்ணீர் 25 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரை மணிக்குள் என்றால் உறிஞ்சுகுழிக்கு ஏற்ற மண். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அந்த மண் உங்கள் கழிவை ஏற்காது என்று அர்த்தம். கொடுங்கையூர்த் தவளை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. களியில் எத்தனை உறை இறக்கினாலும் ஒரு மழைக்குள் நிரம்பி வாசலில் வழியும். அங்கே பாதாளச் சாக்கடை இணைப்பு தெருவில் இருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம். இல்லாவிட்டால் ஜல்லி வடிகட்டித் தொட்டி, அதிலிருந்து வரும் நீருக்குக் கல்வாழையும் வாழையும் நட்ட மேட்டுப் பாத்தி என்று போக வேண்டும்.

மணலில் தலைகீழ். சோதனையில் தண்ணீர் ஊற்றிய கையோடு மறைந்துவிடும். எல்லாருக்கும் சந்தோஷம். "எங்க டேங்க் பத்து வருஷமா ரொம்பவே இல்ல, லாரியே கூப்பிட்டதில்ல" என்று எங்கள் தெருவில் பெருமையாகச் சொல்லும் வீடுகள் உண்டு. அடி போடாமல் நாலு உறை இறக்கி அதற்கு செப்டிக் டேங்க் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ரொம்பாததற்குக் காரணம், உள்ளே போனது அத்தனையும் கீழே போய்விட்டது.

கீழே என்ன இருக்கிறது? நல்ல தண்ணீர். மழை மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள கடல் நீரின் மேல் மிதக்கிறது, சாம்பார் மேல் மிதக்கும் எண்ணெய் மாதிரி. நல்ல நீர் கொஞ்சம் லேசு, கடல் நீர் கொஞ்சம் கனம். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல நீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடிக்கு அது கடல் நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: மேல் மட்டத்தை ஓரடி உறிஞ்சி இறக்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறி வரும். உறை இறக்க வந்த பெரியவர் ஒருவர் எனக்கு இந்தப் பாடத்தை ஒரே வரியில் நடத்தினார்: "பதினஞ்சு அடிக்கு மேல ஆசப்படாத தம்பி, கீழ போனா கடலு." மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகளில் உப்பு ஏறுவதை 1960களின் கடைசியிலேயே கவனித்துவிட்டார்கள். உறிஞ்சியது அதிகம், ஊறியது கம்மி.

அந்த மெல்லிய நல்ல நீர்ப் படலத்துக்குள்தான் நம் உறிஞ்சுகுழியும் திறக்கிறது. குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி என்கிறது விதி. அறுபதடி. வடசென்னையில் சாதாரண மனை அரை கிரவுண்டு, இருபதுக்கு அறுபது. டேங்க்கை ஒரு கோடியிலும் போரை மறுகோடியிலும் வைத்தால்கூட அறுபதடி வருவது கஷ்டம். அப்படியே வந்தாலும் பின்வீட்டுக்காரர் போர் உங்கள் டேங்க்குக்குப் பத்தடியில் இருக்கும். குழியின் அடிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இரண்டு மீட்டர் காய்ந்த மண் வேண்டும் என்பது அடுத்த விதி. கார்த்திகையில் தரையிலிருந்து மூன்றடியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் இரண்டு மீட்டருக்கு எங்கே போவது? ஆகவே நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்: கால்வாய்க்குக் கிழக்கே போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், கழிவிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைட்ரேட் உப்பு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும்.

செய்யக்கூடியது இது. டேங்க்குக்கு அடியும் பூச்சும் போட்டுக் கசியாமல் கட்டுங்கள். வெளியேறும் நீரை ஆழமான உறைக்குள் விடாமல், முடிந்தவரை மேலாகப் பரப்பி விடுங்கள். குழிதான் வேண்டும் என்றால் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நைஸ் மணல் நிரப்புங்கள். பருமணலில் நீர் ஓடும் வேகத்தை அது தடுக்கும். மழைநீர் சேகரிப்புக் குழியை, அது 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம், இதிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். மணலில் அந்தக் குழி பிரமாதமாக வேலை செய்யும்.

மிதக்கும் டேங்க் பற்றிச் சொல்லாமல் போனால் என் அம்மா மன்னிக்க மாட்டார். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டிலேயே ஃபைபர் டேங்க் இறக்கினேன். லேசு, சீக்கிரம் வேலை முடியும் என்று நினைத்தேன். கார்த்திகையில் ஒரு மழை விட்ட நாள், கழிவறை மெதுவாகப் போகிறது என்று லாரி வரவழைத்துச் சுத்தமாகக் காலி செய்தேன். காலையில் எழுந்து பார்த்தால் டேங்க் தரைக்கு மேலே ஓரடி எழும்பி, மேலே போட்ட டைல்ஸை உடைத்துக்கொண்டு தலையை நீட்டியிருந்தது. பைப் துண்டாகிவிட்டது. காலிக் குடத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பாருங்கள், எப்படித் திமிறுகிறது? ஆயிரம் லிட்டர் டேங்க் தண்ணீர் மட்டத்துக்குள் முழுதாக மூழ்கினால், தூக்கும் விசை ஒரு டன். டேங்க்கின் எடை சில பத்துக் கிலோ. "ஊருக்கெல்லாம் டேங்க் கட்டுறவன் வூட்டு டேங்க் மெதக்குது பாரு" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். இப்போது அடியில் டேங்க்கைவிட ஓரடி அகலமாகக் கான்கிரீட் தட்டு, அதோடு கட்டிய பட்டை. ஐப்பசி முதல் மார்கழி வரை காலி செய்வதில்லை. செய்தே ஆக வேண்டும் என்றால் லாரி போனதும் பாதிக்காவது தண்ணீர் நிரப்பிவிடுகிறோம். தண்ணீர்ச் சம்ப்புக்கும் இதே விதிதான்; மழை நாளில் சம்ப் கழுவுகிறேன் என்று முழுக்க வடிக்காதீர்கள்.

தோட்டம்

மணலில் செடி வாடுவதற்குத் தண்ணீர் போதாதது பாதிக் காரணம்தான். ஊற்றிய தண்ணீரோடு சத்தும் கீழே ஓடிவிடுகிறது. ஒரேயடியாக நிறைய ஊற்றுவதைவிடக் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உரமும் அப்படியே. மூன்றங்குலம் தொழு உரம் பரப்பி எட்டங்குல ஆழத்துக்குக் கொத்திவிடலாம். ஆனால் நம் வெயிலில் அது ஒரு வருஷத்தில் எரிந்து காணாமல் போகும். அடுத்த வருஷம் மறுபடி போட வேண்டும். செங்குன்றத்துச் செம்மண் கொஞ்சம் கலந்தால் ஈரம் நிற்கும். மேலே தென்னை ஓலையோ சருகோ மூடி வையுங்கள். தென்னை, முருங்கை, புன்னை, பூவரசு, சப்போட்டா, வேம்பு எல்லாம் இந்த மணலையும் உப்புக் காற்றையும் சகித்துக்கொள்ளும். பீன்ஸ் நட்டு மனசு நோகாதீர்கள்.

மே மாசம் மண் மேல் வெள்ளையாகப் பூப்பது உப்பு. ஈரம் ஆவியாகும்போது கீழிருந்த உப்பை மேலே இழுத்து விட்டுவிடுகிறது. மணலில் முதல் நாலு மழையே அதைக் கழுவிவிடும். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். களியில் அப்படிக் கழுவ முடியாது. அங்கே உப்பிலுள்ள சோடியம் களியோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். ஜிப்சம் போட்டுக் கொத்தி, நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் சுண்ணாம்புச் சத்து சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். களியில் பாத்தியை ஓரடி உயர்த்திக் கட்டுங்கள், வேர் மூச்சு விடும்.

எலுமிச்சைச் சாறு நுரைத்ததா? அப்படியானால் உங்கள் இட்லிப்பூச் செடி மஞ்சளாகத்தான் நிற்கும். நரம்பு மட்டும் பச்சை, இலை மஞ்சள். மண்ணில் இரும்பு இருந்தும் கிளிஞ்சல் சுண்ணாம்பு அதை வேருக்குக் கிடைக்காமல் பூட்டிவைத்திருக்கிறது. யூரியா போட்டுப் பயனில்லை. அந்தச் செடியைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, தரையில் நித்தியகல்யாணி வையுங்கள்.

கீரை விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். குப்பைக் கிடங்கு ஓரம், தொழிற்சாலை ஓரம், அனல்மின் நிலையச் சாம்பல் படியும் இடம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த தெருக்கள், எதைக் கொட்டினார்கள் என்று தெரியாத நிரப்பு மனை, இந்த இடங்களில் தரையில் கீரை விதைக்காதீர்கள். உரம் போட்டால் ஈயம் போகாது. மொட்டை மாடியில் பை வைத்து, தெரிந்த இடத்து மண்ணில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் எல்லாரிடமும் முதலில் செய்யச் சொல்லும் வேலை. மனை வாங்கியதும் வீட்டுப் பிளான் போடும் முன் ஒரு மூலையில் பத்தடி பிவிசி குழாய் ஒன்றை இறக்குங்கள். கீழ் மூன்றடியில் துளை போட்டு, கொசுவலைத் துணி சுற்றிக்கொள்ளுங்கள், மணல் புகாது. நூலில் ஒரு நட்டு கட்டி உள்ளே விட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீர் எத்தனையடியில் இருக்கிறது என்று அளந்து காம்பவுண்டுச் சுவரில் தேதி போட்டு எழுதுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஒரு வாரம் விடக் கூடாது. எங்கள் வீட்டில் மே மாசம் ஏழடி. போன கார்த்திகையில் இரண்டடி நாலங்குலம். அந்த இரண்டடி நாலங்குலத்தைப் பொறியாளரிடமும், டேங்க் கட்டுகிறவரிடமும் காட்டுங்கள்.

குழாய் வாய்க்கு மூடி போட மறக்காதீர்கள். நாங்கள் மறந்துபோய் ஒரு மாசம் கொசுவோடு குடித்தனம் நடத்தினோம்.